பால்டிக் கடலோரம் பதினாறு இரவுகள்: கிளம்புவதற்கு முன் போட்ட கணக்கு

(நாக்பூர் கிளையின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மற்ற ஊர்களில் உள்ள உறுப்பினர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் வெளியிடுகிறோம்.)

 

"ஐரோப்பா போய் வந்தீர்களே, அரை மணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னபோது, "படம் போட்டுக் காட்டட்டுமா?" என்று கேட்டேன். "படமெல்லாம் வேண்டாம் சார். அடுத்த கோடையில் நம் கிளையிலேயே நாலு குடும்பம் கிளம்பக் காத்திருக்கிறது. போவதற்கு முன்னால் என்னென்ன செய்தீர்கள், எங்கெங்கே கோட்டை விட்டீர்கள், அதைச் சொல்லுங்கள் போதும்" என்றார். ஆகவே இன்று நான் ஊர் பார்த்த கதையை அதிகம் சொல்லப் போவதில்லை. திட்டம் போட்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் நான் செய்த தப்புகளும் அடக்கம்.

என் உத்தியோகம் உங்களில் பலருக்குத் தெரியும். ரயில்வேயில் 36 வருஷம். அதில் பாதிக்கு மேல் நேர அட்டவணை போடும் வேலை. ஆகவே பிரயாணத் திட்டம் என்றால் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம் எப்படிக் கரைந்தது என்பதும் இந்தப் பேச்சில் வரும்.

முதலில் பால்டிக் கடல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் வட பாகத்தில், நிலம் நாலு பக்கமும் சூழ்ந்து, மேற்கே டென்மார்க் பக்கம் மட்டும் குறுகலான வாசல் உள்ள கடல் அது. டென்மார்க், ஜெர்மனி, போலந்து, லிதுவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, ரஷ்யா, பின்லாந்து, ஸ்வீடன் என ஒன்பது நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. நிறைய ஆறுகள் வந்து விழுவதால் உப்பு மிகக் குறைவு. பெருங்கடல் நீரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். கரையோரம் பழைய வியாபார நகரங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். பாரிஸ், ரோம் அளவுக்குக் கூட்டம் கிடையாது. ஜூன் மாதத்தில் பகலில் பெரும்பாலும் 15 முதல் 22 டிகிரி. நம் நாக்பூர் மே மாதத்திலிருந்து தப்பித்துப் போகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான்கு பேர் போவதென்று முடிவாயிற்று. நான், என் மனைவி, பிலாயில் இருக்கும் என் அக்கா, அத்திம்பேர். அத்திம்பேருக்கு 77 வயது. அக்காவுக்கு 73. இந்த வயதில் இன்னொரு தடவை இப்படி ஒரு பயணம் அமையுமா என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம்.

2024 அக்டோபரில் உட்கார்ந்து முதல் திட்டத்தைப் போட்டேன். 14 இரவு, 8 ஊர். கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க், தாலின், ரீகா, வில்னியஸ், கதான்ஸ்க். வண்டி வரும் நேரம், புறப்படும் நேரம், இடையில் எத்தனை நிமிஷம் என்று பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தாள். "ஏன்னா, இது டூரா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று ஒரே கேள்வி. அதற்கு மேல் அந்தத் தாளைக் காப்பாற்ற முடியவில்லை.

சரி, ஊர்களைக் குறைப்போம் என்று சிவப்புப் பென்சிலை எடுத்தேன். முதலில் அடிபட்டது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். என்னிடம் இருந்த வழிகாட்டிப் புத்தகம் 2012-ல் வந்தது. ஹெல்சின்கியிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு 'அலெக்ரோ' என்ற ரயிலில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று அதில் போட்டிருந்தது. அந்த ரயில் 2010-ல் ஆரம்பித்தது உண்மை. உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் 2022 மார்ச்சில் நின்றுபோனதும் உண்மை. 2023 டிசம்பர் மத்தியிலிருந்து பின்லாந்து, ரஷ்யாவுடன் உள்ள சாலை வாயில்களையும் அடைத்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர் கார்டுகளும் வேலை செய்யாது. 2022 மார்ச்சிலிருந்து அப்படித்தான். ரஷ்யாவுக்கு டெல்லியிலிருந்து மாஸ்கோ வழியாகத் தனியாகப் போகலாம். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-விசாவும் உண்டு. ஆனால் இந்தப் பயணத்தோடு அதை ஒட்டுப் போட முடியாது. ஆகவே ஒரு கோடு இழுத்து அந்த ஊரை நீக்கினேன். சின்ன ஸ்டேஷனில் நிற்கும் வண்டியை இனிமேல் நிற்காது என்று எழுதுகிற மாதிரி எழுதி, புதிய திட்டத்தை பிலாய்க்கு அனுப்பினேன். காரணம் எதுவும் எழுதவில்லை.

ஒரு வாரம் அங்கிருந்து பதிலே இல்லை. எட்டாவது நாள் அக்கா போன் பண்ணினாள். "என்னடா பண்ணி வெச்சிருக்கே? அவர் நாலு நாளா சரியாவே பேசலை. நாங்க வரலை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோன்னு சொல்லச் சொன்னார்" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பிலாய் எஃகு ஆலை சோவியத் யூனியனோடு 1955-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி எழுந்தது. அதன் முதல் ஊதுலையை 1959 பிப்ரவரியில் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். அத்திம்பேர் 1970-ல் பயிற்சி இன்ஜினீயராக அங்கே சேர்ந்தார். அப்போதும் ரஷ்ய நிபுணர்கள் அங்கே இருந்தார்கள். சாயங்கால வகுப்பில் சேர்ந்து ரஷ்ய பாஷை படித்தார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு ரஷ்ய இன்ஜினீயர், லெனின்கிராடில் உள்ள ஹெர்மிடாஜ் மியூசியத்தின் படப் புத்தகம் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்து, முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். அந்தப் புத்தகம் இன்னும் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அத்திம்பேர் மனசில் இருந்த ஊர் அது. அதைத்தான் நான் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தபாலில் போட்டிருக்கிறேன்.

மறுநாளே ரயிலேறி பிலாய்க்குப் போனேன். யுத்தம், ரயில் நின்றது, எல்லை மூடினது எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இதெல்லாம் பேப்பர்ல படிச்சவன்தான் நான். போக முடியாதுன்னு எனக்கும் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து திட்டத்தை முதலிலிருந்து போட ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஊர்ப் பெயரை எடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆசை, அது என்ன என்று கேட்டோம். அக்கா சொன்னாள்: "தினம் தினம் பெட்டியைக் கட்டி அவிழ்க்கப்படாது." என் மனைவி போனில் சொன்னாள்: "ஒரு ராத்திரி கப்பல்ல படுத்துக்கணும்." எனக்கு ரீகா நகரத்து மார்க்கெட்டைப் பார்க்க வேண்டும், காரணம் பிறகு சொல்கிறேன். அத்திம்பேர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரஷ்யாவுக்குள்ள போக முடியாட்டா போறது. கிட்டக்க நின்னு பார்க்க ஒரு இடம் இருக்கான்னு பாரு" என்றார்.

இருந்தது. எஸ்டோனியாவின் கிழக்கு எல்லையில் நார்வா என்ற ஊர். நடுவே ஒரு ஆறு. அக்கரை ரஷ்யா. தாலினிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம்.

நண்பர்களே, இன்று நான் சொல்ல வந்த விஷயங்களில் முக்கியமானது இதுதான். ஊர்ப் பட்டியலை எழுதுவதற்கு முன்னால், கூட வருகிற ஒவ்வொருவரையும் ஒரு ஆசை கேளுங்கள். அதை உறுதி செய்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். எங்கள் 8 ஊர் 5 ஆயிற்று. 14 இரவு 16 ஆயிற்று. ஸ்டாக்ஹோமில் 3 இரவு, கப்பலில் 1, ஹெல்சின்கியில் 2, தாலினில் 4, ரீகாவில் 3, வில்னியஸில் 3. கோபன்ஹேகனும் கதான்ஸ்க்கும் போயின. யாரும் வருத்தப்படவில்லை.

அதிகமாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாக்ஹோமிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1628 ஆகஸ்டில் 'வாசா' என்ற ராஜாவின் போர்க்கப்பல் முதல் பயணம் புறப்பட்டது. இரண்டு தட்டு பீரங்கி. மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. சுமார் 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்று அடித்தது, சாய்ந்து மூழ்கிவிட்டது. 333 வருஷம் கழித்து 1961-ல் தூக்கினார்கள். உப்பு குறைந்த அந்தக் கடலில் கப்பல்களை அரிக்கும் புழு வாழ்வதில்லை என்பதால் மரம் கிட்டத்தட்ட முழுசாக அப்படியே இருக்கிறது. மியூசியத்தில் அதன் முன்னால் நின்றபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு என் எட்டு ஊர்த் தாள்தான் ஞாபகம் வந்தது.

இனி நடைமுறை விஷயங்களுக்கு வருகிறேன். குறிப்பு எடுப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, விசா. ரஷ்யாவைத் தவிர மற்ற எட்டு பால்டிக் நாடுகளும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கின்றன. ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எங்களுக்குத் தாலின் 4 இரவு என்பதால் எஸ்டோனியா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கடைசிவரை காத்திருக்காதீர்கள், கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். அதற்காகவே நாங்கள் வேறு ஊருக்கு ரயிலேறிப் போனோம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு பிரீமியம் அதிகம். ஏற்கெனவே உள்ள வியாதிகளுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவது, விமான டிக்கெட். போன வழியே திரும்பி வர வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமில் இறங்கி வில்னியஸில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். 'மல்டி சிட்டி' என்று கேட்டால் தருவார்கள். எங்களுக்கு மும்பையிலிருந்து பிராங்க்பர்ட் வழி. இதில் ஒன்று கவனியுங்கள்: ஷெங்கன் நாடுகளில் முதலில் எங்கே இறங்குகிறோமோ அங்கேதான் குடிவரவுச் சோதனை. எங்களுக்கு அது பிராங்க்பர்ட். 2025 அக்டோபர் 12 முதல் முகப்படம் எடுத்துக் கணினியில் பதிவு செய்யும் புதிய முறையும் படிப்படியாக வந்திருக்கிறது. ஆகவே அடுத்த விமானத்துக்கு நடுவில் 3 மணி நேரமாவது இருக்கும்படி பாருங்கள். முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்வதில் வெட்கமே வேண்டாம்.

மூன்றாவது, கப்பலும் பஸ்ஸும். ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கிக்கு மாலையில் புறப்படும் கப்பல் மறுநாள் காலை போய்ச் சேரும். ஒரு ராத்திரி ஓட்டல் செலவு மிச்சம். ஜன்னல் உள்ள அறை கொஞ்சம் விலை அதிகம், ஆனால் வாங்குங்கள். ஸ்டாக்ஹோமை விட்டுப் பல மணி நேரம் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவே கப்பல் போகிறது. ஜூனில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் எல்லாம் தெரியும். என் மனைவி அன்று படுத்துக்கொள்ளவே இல்லை. ஹெல்சின்கியிலிருந்து தாலின் சுமார் 80 கிலோமீட்டர். கப்பலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். இரண்டு ஊரிலும் கப்பல் துறைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. டிக்கெட்டில் எந்தத் துறை என்று பார்த்துவிட்டு டாக்ஸி ஏறுங்கள்.

தாலினிலிருந்து ரீகா நாலரை மணி நேரம், ரீகாவிலிருந்து வில்னியஸ் நாலு மணி நேரம். இரண்டுமே சௌகரியமான பஸ். ரயில்காரன் பஸ்ஸைப் புகழ்வதா என்று கேட்காதீர்கள். அங்கே இருப்பது ரஷ்யர் காலத்து 1,520 மில்லிமீட்டர் பாதை. மேற்கு ஐரோப்பாவோடு இணைக்க 1,435 மில்லிமீட்டரில் 'ரயில் பால்டிகா' என்ற புதுப் பாதை போடுகிறார்கள். 2030-ல் முடிப்பதாக இலக்கு. அது வந்த பிறகு போகிறவர்கள் ரயிலிலேயே போகலாம். அந்த பஸ் போகும் வழிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1989 ஆகஸ்ட் 23 அன்று மூன்று நாட்டு ஜனங்கள், சுமார் 20 லட்சம் பேர், தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் கைகோத்து நின்றார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில் மூன்று நாடுகளும் சுதந்திரம் அடைந்தன. பஸ்ஸில் எட்டரை மணி நேரம் உட்கார்ந்து போகும் தூரத்துக்கு மனிதர்கள் நின்றார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

நாலாவது, பணம். பின்லாந்து, எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா நான்கிலும் யூரோதான். ஸ்வீடனில் குரோனா, ஆனால் அங்கே எல்லாமே கார்டுதான், ரொக்கத்தைப் பார்த்தால் முழிப்பார்கள். ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி இரண்டும் விலை அதிகமான ஊர்கள். தெற்கே இறங்க இறங்கக் குறையும். ஆகவேதான் அதிக இரவுகளைத் தாலின், ரீகா, வில்னியஸில் வைத்தோம். எல்லா இடத்திலும் சமையலறை உள்ள வாடகை வீடு, லிஃப்ட் கட்டாயம். பழைய நகரங்களின் தெருக்கள் உருண்டைக் கல் பாவியவை. முழங்கால் வலி உள்ளவர்கள் பகல் இரண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டால் தாங்கும்.

ஐந்தாவது, சாப்பாடு. இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். அரிசி, பால், தயிர், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ரசப்பொடி, சின்ன பிரஷர் குக்கர் நாங்கள் எடுத்துப் போனோம். நெய், பால் பவுடர், பால்கோவா எடுத்துப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருள்களையும் மாமிசப் பொருள்களையும் பிரயாணிகள் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். வெண்ணெய் அங்கேயே நன்றாகக் கிடைக்கிறது. அக்கா தாலினில் அதைக் காய்ச்சி நெய் எடுத்தாள். அந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். நெருப்பு என்று நினைத்துவிட்டாராம்.

வெளியில் சாப்பிடும்போது 'வெஜிடேரியன்' என்றால் மட்டும் போதாது. சூப்பில் மீன் சாறு இருக்கலாம். ஒவ்வொரு பாஷையிலும் 'மாமிசம் இல்லாமல், மீன் இல்லாமல்' என்பதைச் சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொண்டோம். பின்னிஷ் மொழியில் 'இல்மன் லிஹா, இல்மன் கலா'. எஸ்டோனியனில் 'இல்மா லிஹதா, இல்மா கலதா'. இரண்டும் சகோதர பாஷைகள் என்பது கேட்கும்போதே தெரிகிறதல்லவா? லிதுவேனியனில் 'பெ மேசோஸ், பெ ஜுவியெஸ்'. ரஷ்யனில் 'பெஸ் மியாசா, பெஸ் ரீபி'. இதை எழுதிக் கொடுத்த அத்திம்பேர் திடீரென்று நிமிர்ந்து, "மேசா, மியாசா... நம்ம மாம்ஸம்தானேடா!" என்றார். அது உண்மை. லிதுவேனிய பாஷை சம்ஸ்கிருதத்துக்கு மிகத் தொலைவில் இருந்தாலும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தது. பழைய வடிவங்களை நிறையக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே மகன் 'சூனுஸ்', நம் சூனு. தெய்வம் 'தியேவஸ்', தேவ. நெருப்பு 'உக்னிஸ்', அக்னி. கனவு 'சப்னஸ்', ஸ்வப்ன. அவர்கள் இங்கிருந்து போகவில்லை, நாம் அங்கிருந்து வரவில்லை, தாயாதிகள், அவ்வளவுதான்.

ஆறாவது, வெளிச்சம். ஜூன் மாதத் தாலினில் சூரியோதயம் காலை 4 மணி. அஸ்தமனம் இரவு சுமார் 10.40. அத்திம்பேரின் கவலை, "அஸ்தமிக்காத ஊரில் சாயங்கால சந்தி எப்போது பண்ணுவது?" என்பது. இந்த ஊர்களெல்லாம் ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே. சூரியன் அஸ்தமிக்கத்தான் செய்கிறது, தாமதமாக. அவரும் தினம் ஜன்னலோரம் காத்திருந்து, முடித்துவிட்டுத்தான் படுத்தார். மற்றவர்கள் கண்ணை மறைக்கும் துணிப்பட்டை எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் தூக்கம் வராது. மாத்திரை நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டாக்ஹோம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். மற்ற நாலு ஊரும் இரண்டரை மணி நேரம். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள்.

ஏழாவது, பண்டிகை. இங்கேதான் அட்டவணைப் புலி கோட்டை விட்டது. ரீகாவின் மத்திய மார்க்கெட் 1930-ல் திறக்கப்பட்டது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர்கள் செப்பலின் ஆகாயக் கப்பல்களை நிறுத்த லாட்வியாவில் கட்டிய கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களை எடுத்துவந்து, ஐந்து பெரிய மண்டபங்களாகக் கட்டியிருக்கிறார்கள். ஒரு ரயில்காரனுக்கு அந்த வளைவுக் கூரையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றாதா? அவசரப்படாமல் பார்க்கலாம் என்று கடைசி முழு நாளான ஜூன் 23-க்கு வைத்தேன். போனால் மார்க்கெட் அடைத்திருக்கிறது, மியூசியம் அடைத்திருக்கிறது, தெருவில் பாதி ஜனம் இல்லை. இருக்கிறவர்கள் தலையில் பூவும் இலையுமாக வளையம் வைத்துக்கொண்டு போகிறார்கள். ஜூன் 23, 24 அவர்களுடைய கோடைத் திருநாள். வருஷத்திலேயே பெரிய பண்டிகை. எஸ்டோனியாவிலும் அதே இரண்டு நாள் விடுமுறை. மறுநாள் வில்னியஸ் போனால் அங்கேயும் விடுமுறை. ஸ்வீடன், பின்லாந்தில் அதற்கு முந்தின வெள்ளி, சனி. பஸ் நேரம், கப்பல் நேரம் எல்லாம் பார்த்த நான் விடுமுறைப் பட்டியலைப் பார்க்கவில்லை. மூடின மண்டபங்களை வெளியிலிருந்து சுற்றி வந்தேன். அன்று வீட்டில் புளியோதரை. "நாலு பேர்ல மூணு பேர் ஆசை நிறைவேறித்து, போட்டவர் ஆசைதான் நிறைவேறலை" என்று என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. நீங்கள் ஜூன் கடைசி வாரத்தில் போவதாக இருந்தால், அந்த நாட்களைக் கிராமப்புறத்துக்கோ பூங்காவுக்கோ ஒதுக்குங்கள். அவர்கள் நெருப்பு மூட்டிப் பாடுவதைப் பார்க்கலாம். கடைச் சாமான்களை 22-ந் தேதியே வாங்கிவிடுங்கள்.

இனி நார்வா. ஜூன் 19-ந் தேதி காலை ரயிலில் போனோம். 1944 யுத்தத்தில் பழைய ஊர் கிட்டத்தட்ட முழுக்க அழிந்துவிட்டது. இப்போது இருப்பது பெரும்பாலும் சோவியத் காலத்து அடுக்குமாடி வீடுகள். "நம்ம பிலாய் செக்டார் மாதிரியே இருக்கே" என்றாள் அக்கா. ஆற்றின் இக்கரையில் ஹெர்மன் கோட்டை. அக்கரையில் 1492-ல் ரஷ்யர் கட்டிய இவான்கோரோட் கோட்டை. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஒரு பாலம். அதன் பெயர் 'நட்புப் பாலம்'. 2024 பிப்ரவரியிலிருந்து அதில் வண்டிகள் போவதில்லை. நாங்கள் பார்த்தபோது ஜனங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுமார் 150 கிலோமீட்டர்.

ஆற்றங்கரையில் நடைபாதையும் பெஞ்சும் போட்டிருக்கிறார்கள். அத்திம்பேர் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கரையில் ஒரு ஆள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான், இக்கரையிலும் ஒருவன். கடைசியில், "சிவ்நாத் ஆறு அளவுதான் இருக்கு" என்றார். துர்க் பக்கத்தில் ஓடும் ஆறு அது.

பிறகு டீ குடிக்க ஒரு சின்னக் கடைக்குப் போனோம். நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பேசுவது ரஷ்யன். கடையில் இருந்த அம்மாளிடம் நான் என் எஸ்டோனியன் அட்டையை நீட்டுவதற்குள் அத்திம்பேர் முன்னால் போய், "பெஸ் மியாசா, பெஸ் ரீபி?" என்றார். அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். இவர் பதில் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையைத் திருத்தினாள். இவர் மாணாக்கன் மாதிரி திரும்பச் சொன்னார். 50 வருஷத்துக்கு மேல் யாரோடும் பேசாத பாஷை. பிலாய் என்றார்; அவளுக்குப் புரியவில்லை. எஃகு, இன்ஜினீயர், லெனின்கிராட் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், புரிந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீ ஆறிப்போனது. அக்கா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும் ரயிலில் அத்திம்பேர் கேட்டார்: "ஏண்டா, டெல்லியிலேர்ந்து மாஸ்கோ போய், அங்கேர்ந்து ராத்திரி ரயில்ல லெனின்கிராட் போயிடலாமோல்லியோ?" அக்கா விட்டாளா? "மொதல்ல அந்த முழங்காலைப் பாருங்கோ. அப்புறம் மாஸ்கோ" என்றாள்.

நேற்று பிலாயிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே கட்டம் போட்ட பெரிய தாள். அத்திம்பேர் கையெழுத்து. டெல்லி, மாஸ்கோ என்று நேரம் எல்லாம் எழுதியிருக்கிறார். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'விடுமுறை நாட்கள் பார்த்தாயிற்று. உன் ஆசை என்ன என்று எழுது.'